சிங்கி இறால் வாயின் தூவிகள்

மகனே,

உன் கடிதம் நேற்றுப் பின்னேரம் வந்தது. கோயிலில் பூசையில் கலியாண ஓலை கூறி முடிந்ததையும், நிர்மலாவின் வீட்டார் உன்னைத் தங்கள் பிள்ளையாகவே நடத்துவதையும் வாசித்து எனக்கும் அப்பாவுக்கும் நெஞ்சு நிறைந்தது. அப்பா முதலில் வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் வாசித்தார். பிறகுதான் என் கைக்கு வந்தது. எல்லாம் சந்தோசமான சேதிதான். ஆனால் கடைசிப் பக்கத்தின் அடியில், போகிற போக்கில் எழுதியதுபோல ஒன்று எழுதியிருக்கிறாய். கலியாணத்தோடு நிர்மலா ஆய்வுகூட வேலையை விட்டுவிடுவது நல்லது என்று நினைக்கிறாயாம். நாள் முழுக்க நுளம்புப் புழுக்களைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பதால் ஒரு குடும்பத்துக்கு என்ன பிரயோசனம் என்று கேட்டிருக்கிறாய். அதையும் என்னிடம் கேட்டிருக்கிறாய். நான் சிரித்த சிரிப்பில், குசினிக்குள் போயிருந்த அப்பா அகப்பையோடு வெளியே வந்துவிட்டார்.

எனக்குக் கோபமில்லை. தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டாய். ஊரில் என்னை 'றால் ரீச்சர்' என்று கூப்பிடுவதைக் கேட்டுத்தான் நீ வளர்ந்தாய். நாங்கள் இறால் அனுப்புகிற குடும்பம் என்பதால் அந்தப் பெயர் வந்தது என்று நினைத்திருப்பாய். அது அப்படி வந்த பெயரில்லை. அது வந்த காலத்தில் நீ தவழத் தொடங்கியிருந்தாய். கதிரைக் காலைப் பிடித்து எழும்புவதும் விழுவதுமாக இருந்தாய். பிறகு வீட்டில் எல்லாம் நல்லபடி நடந்ததால் அந்தக் கதையைச் சொல்ல ஒரு தேவையும் வரவில்லை. இப்போது வந்திருக்கிறது. ஆறுதலாக இருந்து வாசி. இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு ஏலாது, பெருமையோடுதான் சொல்லப்போகிறேன்.

வெள்ளைக்காரரின் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது, அவர்களை நம்பியிருந்த எத்தனையோ குடும்பங்களின் பிழைப்பும் கூடவே போனது. அப்பா டொக்யாட்டில், அவர்களுடைய கப்பல் பட்டறையில், பம்பு திருத்துகிற மெக்கானிக். கப்பல்கள் போன பிறகு திருத்தப் பம்பு இல்லை. அவர்கள் விட்டுப்போன தட்டுமுட்டுச் சாமான்களை ஏலத்தில் விற்றார்கள். ஏதாவது திருத்து வேலைக்கு உதவும் என்று அப்பா ஒரு மரப்பெட்டியை ஏலத்தில் எடுத்தார். மேலே எல்லாம் திருகாணிகளும் அமுக்கமானிகளும். அடியில், கம்பளித் துண்டொன்றில் சுற்றியபடி, பித்தளையில் ஒரு நுணுக்குக்காட்டி. அந்த நிலைமையில் வேறொருவராக இருந்தால் அன்றைக்கே அதை விற்றிருப்பார். அப்பா அதைத் துடைத்து எண்ணெய் போட்டு என் முன்னால் வைத்து, "இது உமக்கெண்டுதான் வந்திருக்கு" என்றார். கலியாணத்துக்கு முன்னமிருந்தே நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பெண்பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தேன். நீ வயிற்றில் வந்தபோது நிறுத்திவிட்டேன். அது அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறையாக இருந்திருக்கிறது. வெளிச்சம் நன்றாக விழுகிற யன்னலுக்குக் கீழே, என் கை உயரத்துக்கு அளவாக ஒரு மேசை செய்து அதில் அந்த நுணுக்குக்காட்டியை வைத்தார். குடும்பத்துக்கு அடுத்த மாதம் எப்படி விடியும் என்று தெரியாத காலத்தில் செய்த மேசை அது.

பிழைப்புக்கு வழி சொன்னவர் ஹனீபா நானா. கிண்ணியாவிலிருந்து டொக்யாட்டுக்கு மீனும் மரக்கறியும் கொண்டுவந்து கொடுத்த வியாபாரி. அப்பாவுக்கும் அவருக்கும் அந்தக் காலத்திலிருந்தே நல்ல பழக்கம். நிலாவெளிக் கல்லுப்பாரில், கடலடிப் பாறைகளுக்குள், பிடிபடுகிற சிங்கி இறாலைக் கொழும்பு ஓட்டல்களில் உயிரோடு கேட்கிறார்கள் என்ற சேதியை அவர்தான் கொண்டுவந்தார். பிடித்த கையோடு ரயிலேற்றினால் களைத்துச் செத்துப்போகும். அமைதியான தண்ணீரில் சில நாள் ஆறவிட்டு, தெளிந்த பிறகு ஈரச் சாக்கில் சுற்றி அனுப்பவேண்டும். உள்துறைமுகத்தில் அலையில்லாத ஒரு சிறு குடாவில் கம்பு நட்டு, கம்பிவலை அடித்து, ஒரு பட்டி கட்டினார்கள். இறால் பிடித்துத் தருகிற பொறுப்பு உன் பெரியப்பாவுக்கு. அவருக்குத்தான் நிலாவெளியில் வள்ளமும் வலையும் ஆட்களும் இருந்தன. கொழும்போடு கதைப்பது நானா. பட்டியைப் பார்ப்பது அப்பா. காவலுக்கு நானாவின் மச்சான்முறையான ஒருவர். இரண்டு வீட்டிலும் இருந்ததெல்லாம் அந்தக் குடாவுக்குள் இறங்கிவிட்டது.

மீசை முறிந்த இறாலை ஓட்டல்காரர் எடுக்கமாட்டார்கள். கம்பியில் உரசி மீசை முறியக்கூடாது என்று அப்பாவும் நானாவும் யோசித்தார்கள். தென்னந்தும்பை அடித்துப் பஞ்சுபோலாக்கி, தடித்த பாயாகப் பின்னி, பட்டியின் சுவரெல்லாம், அடித்தளமெல்லாம் கட்டினார்கள். இரண்டு பேரும் இடுப்பளவு தண்ணீரில் பக்கத்தில் பக்கத்தில் நின்று அதைக் கட்டினதை நான் கரையில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன். பார்க்க வந்த ஆட்கள் மெச்சினார்கள். பிள்ளைக்குத் தொட்டில் கட்டினமாதிரி இருக்கு என்றார் ஒருவர்.

பிறகு இறால்கள் சாகத் தொடங்கின. வந்த புதிதில் ஒரு குறையும் இருக்காது. நாள் போகப் போக ஒவ்வொன்றாக மேலேறி, தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்தநாள் சரிந்து கிடக்கும். உடம்பில் காயமில்லை. ஓட்டில் புள்ளியில்லை. தீன் போட்டால் தின்கிறது, தின்றுவிட்டுச் சாகிறது. புதிதாகக் கொண்டுவந்து விட்டால் அவையும் அதே வழியில் போயின. ரயிலுக்கென்று வாங்கிய சாக்குகள் வீட்டு மூலையில் மடித்தபடியே கிடந்தன. அப்பா பட்டியிலிருந்து வந்து நேரே கை கழுவப் போவார். அவருடைய முகத்தைப் பார்த்தே அன்றைக்கு எத்தனை போனது என்று எனக்குத் தெரியும்.

சாவைவிடக் கெட்டது அதைப்பற்றி எழுந்த கதைதான். நிலாவெளிப் பக்கத்தில், காவலுக்கு இருப்பவன் கிண்ணியா ஆள், அவன்தான் என்னமோ போடுகிறான் என்று கதைத்தார்கள். கிண்ணியாவில், வலைக்காரர்தான் தங்களுக்கு வரவேண்டிய வியாபாரம் வேறு கைக்குப் போகிறதென்று மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று கதைத்தார்கள். யாரும் யாருடைய முகத்துக்கு நேரேயும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே சண்டை பிடித்து முடித்திருக்கலாம். இப்போதும் ஊரில் கதை எப்படிப் பரவுகிறதென்று உனக்குத் தெரியும். அப்போதும் அதே வேகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெரியப்பா வீட்டுக்கு வந்தார். சாப்பிட இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை. அப்பாவைப் பார்த்து, "தம்பி, இதோட விலகு. அந்த ஆக்களோட சேர்ந்து செய்த வேலை காணும்" என்றார். அப்பா தலைகுனிந்துகொண்டு இருந்தார். அந்த நேரம் பார்த்து ஹனீபா நானாவும் படலையைத் திறந்துகொண்டு வந்தார். துறையில் படகு தாண்டி, வெயிலில் நடந்து வந்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் யன்னலோரக் கதிரையில் இருந்து முதலில் தண்ணீர் கேட்கிற மனிசன், அன்றைக்கு வாசலிலேயே நின்றார். பெரியப்பாவைக் கண்டதும் அவருடைய முகம் இறுகியது. ஆனால் கதைத்தது அப்பாவோடுதான்.

"எங்கட ஆக்களும் ஒரு கதை சொல்றாங்க, தம்பி. நான் நம்பல்ல. ஆனா எத்தின நாளைக்கு நம்பாம இருக்கிறது?"

மகனே, அந்தச் சொல்லைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. இறால் செத்தது பெரிதில்லை. இந்த மனிசன் கெட்டவனில்லை, பெரியப்பாவும் கெட்டவரில்லை. ஆனால் இன்னும் சில நாள் போனால் இரண்டு பேரும் ஒருவரையொருவர் நஞ்சு வைக்கிறவர்களாகத்தான் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எந்தப் பட்டியையும் கட்டி எழுப்ப ஏலாது. உன்னைக் கையில் வைத்துக்கொண்டு குசினி வாசலில் நின்ற நான் முன்னுக்கு வந்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, அன்றைக்குச் செத்த இறால் ஒன்றை எனக்குத் தாருங்கள், ஏன் செத்ததென்று நான் பார்க்கிறேன் என்றேன். பெரியப்பா என்னைப் பார்க்காமல், செத்ததில் பார்க்க என்ன இருக்கு என்று கேட்டார். நான் வாயெடுக்க முதல் அப்பா தலை நிமிர்ந்தார்.

"அவ பாக்கட்டும், அண்ணை."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அண்ணனுக்கு முன்னால் அப்பா சத்தமாகக் கதைத்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதல் கேட்டேன்.

மறுநாள் விடிய வெளிச்சம் யன்னலுக்கு வந்தவுடன் மேசையில் இருந்தேன். உன்னைப் பக்கத்து வீட்டு அக்கா தூக்கிக்கொண்டு போய்விட்டா. முதலில் வயிற்றைத் திறந்தேன். தீன் இருந்தது, பட்டினியில்லை. பிறகு பூ, அது மூச்செடுக்கிற செவுள். நஞ்சென்றால் அது வெந்தோ அழுகியோ இருக்கும் என்று எண்ணினேன். அப்படி ஒன்றுமில்லை, மெல்லிய மண்ணிறத் தூசி படிந்திருந்தது, அவ்வளவுதான். என் எண்ணம் பிழைத்துப்போனது. கொஞ்ச நேரம் வெறுமனே அந்தச் சீவனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வாயைப் பார்ப்போம் என்று தோன்றியது. பட்டியிலும் சட்டியிலும் எத்தனையோ இறாலைக் கண்டிருக்கிறேன், அதன் வாயை ஒழுங்காக ஒருநாளும் பார்த்ததில்லை.

நாங்கள் வாய் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். சிங்கி இறாலுக்கு அது ஒரு பட்டறை. ஒன்றுக்குமேல் ஒன்றாக ஆறு சோடி உறுப்புகள், சாமான் பெட்டியில் அடுக்கிய ஆயுதங்கள்போல. ஒவ்வொன்றின் ஓரத்திலும் மயிர். வகுப்பில் ஒருமுறை புத்தகத்தில் இருந்தபடியே மயிர் என்று வாசித்துவிட்டு, பெண்பிள்ளைகள் மேசைக்குக் கீழே தலையைப் புதைத்துச் சிரித்த சிரிப்பில் மடத்து மதர் எட்டிப்பார்த்த நாளிலிருந்து, நான் அதைத் தூவி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். வெறும் கண்ணுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான், ஒரு பழைய தூரிகையின் அலங்கோலம். நுணுக்குக்காட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஒன்றுபோல இல்லை. வெளியே கால்போல நீண்டிருக்கிற சோடியின் உள்ளோரத்தில், மரமறுக்கிற வாளுக்குப் பல் வெட்டினமாதிரிப் பல்வைத்த தூவிகள், வரிசை குலையாமல். அது சீப்பு. உயிருள்ள இறாலைத் தண்ணீர்த் தாச்சியில் விட்டுப் பார்த்தால், தன் சின்ன மீசைகளைக் குனிந்து அந்தச் சீப்புக்குள் விட்டு இழுத்து இழுத்துச் சுத்தம் செய்வதைக் காணலாம். பூனை முகம் கழுவுவதுபோல இருக்கும். அதற்கு உள்ளே குட்டையாய், தடிப்பாய், முள்ளாகவே மாறிவிட்ட தூவிகள். இரையை வழுக்கவிடாமல் பிடித்துக் கிழிக்க. இன்னும் உள்ளே, வழவழவென்று, நுனி தேய்ந்து மெலிந்தவை. தொட்டுப் பார்க்கவும் சுவை அறியவும் அவைதான். நாக்கில்லாத சீவனுக்கு அந்தத் தூவிகள்தான் நாக்கு. ஒரு வேலைக்கு ஒரு வடிவம். கடவுள் இத்தனை நுணுக்கமாக வேலை செய்து, அதை யார் காணப்போகிறார்கள் என்ற கவலையே இல்லாமல் கல்லுப்பாருக்குக் கீழே விட்டுவிட்டாரே என்று நினைத்தபோது, ஏன் அந்த மேசையில் இருக்கிறேன் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். சந்தோசம் மட்டும் இருந்தது. நிர்மலாவைக் கேட்டுப்பார், அந்தச் சந்தோசம் அவளுக்கும் தெரியும்.

பிறகுதான் அந்தத் துடுப்பைக் கண்டேன். இரண்டு பக்கமும் கன்னத்துக்குள் ஒளிந்தபடி, மெல்லிய ஓடுபோல ஒரு சின்னத் துடுப்பு. அது ஓயாமல் அடித்துக்கொண்டேயிருக்கும். அது அடிக்கிற அடியில்தான் கால்களின் அடிப்பக்கத்தால் தண்ணீர் உள்ளே வந்து, பூவை நனைத்து, வாய்ப்பக்கத்தால் வெளியே போகிறது. இறாலின் மூச்சு அது. அதன் ஓரமெல்லாம் தூவி. இங்கே உண்மையான தூவி, கோழி இறகுபோல இரண்டு பக்கமும் நுண்ணிய கிளை விட்டு, ஒன்றோடொன்று பின்னி, விளிம்பு முழுக்க. புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. என் கண்ணாடிக்குள் கண்டது இறகில்லை. சேற்றில் விழுந்த கோழி. மண்ணிறமாய், சடையாய், கட்டி கட்டியாய் ஒட்டிப்போயிருந்தது. மற்றப் பக்கத்தையும் எடுத்தேன், அதுவும் அப்படியே. நிலாவெளியிலிருந்து அன்றைக்கு வந்து பட்டிக்குள் இறங்காத ஒன்றை அப்பாவிடம் சொல்லி எடுப்பித்துப் பார்த்தேன். அதன் விளிம்பு, கஞ்சி போட்டு உலர்த்தின லேஸ்போல வெள்ளையாக, ஒவ்வொரு கிளையும் பிரிந்து நின்றது.

அப்பாவைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். எனக்குத் தூவி அழுக்காகியிருப்பது விளங்கியது. அழுக்கானால் ஏன் சாகவேண்டும் என்பது விளங்கவில்லை. துடுப்பு முழுசாகத்தானே இருக்கிறது, அடிக்கத்தானே செய்கிறது. அப்பா ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் டொக்யாட் காலத்து அப்பா இருந்தார்.

"இது வாசர் போன பம்பு. துடுப்பு தண்ணியைத் தள்ளும், ஆனா தள்ளின தண்ணி இடைவெளியால திரும்பி வராமப் பாக்கிறது இந்த ஓரத்துத் தூவிதான். பம்புக்குள்ள இருக்கிற தோல் வாசர் மாதிரி. அது கட்டிபட்டால் எவ்வளவு அடிச்சும் தண்ணி ஏறாது."

நான் கண்டதும் அவர் அறிந்ததும் அந்த மேசையில் சந்தித்தன. இறால்கள் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறியிருக்கின்றன. அதனால்தான் சாகமுதல் மேலேறி வந்து நின்றன. இனி அந்த மண்ணிறம் எது என்பது மட்டும்தான் மிச்சம். ஊசியால் ஒரு கட்டியைப் பிரித்தேன். சேறில்லை, நார், மயிரிலும் மெல்லிய, உடைந்த நார். அப்பா உடுத்தியிருந்த சாரத்தில், பட்டியில் வேலை செய்தபோது ஒட்டிய தும்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்துக் கசக்கி, அந்தத் தூளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்று. பஞ்சுபோல அடித்த அந்த அருமையான பாய், ஒவ்வொரு நீரேற்றத்துக்கும் கண்ணுக்குத் தெரியாத தூளைக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தூவிகள் அவற்றின் வேலையைச் செய்து அதைப் பிடித்துக்கொண்டேயிருந்திருக்கின்றன.

அப்பாவுக்குச் சொன்னேன். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துக் கிட்டப் போனேன், சிரித்துக்கொண்டிருந்தார். நஞ்சு வைத்த இரண்டு பேரும் ஆரெண்டு கண்டுபிடிச்சாச்சு, ஒண்டு நான், மற்றது ஹனீபா நானா, என்றார். அந்தச் சிரிப்பில் கிடந்த ஆறுதலை எனக்கு எழுத வராது.

ஆனால் நாங்கள் இரண்டு பேரும் கண்டது போதாது. புருசனும் பெண்சாதியும் ஒரு அறைக்குள் இருந்து கண்டுபிடித்ததை ஊர் ஏன் நம்பவேண்டும்? கண்ணால் காட்டவேண்டும் என்றேன். இரண்டு கூடு செய்யச் சொன்னேன். ஒன்றுக்குத் தும்புப்பாய், மற்றதுக்கு வெறும் வழவழப்பான பிரம்பு. ஒரே நாளில் பிடித்த இறாலை இரண்டிலும் விட்டு, ஒரே குடாவில், ஒரே தண்ணீரில் தொங்கவிட்டோம். காவலுக்கு நானாவின் ஆள் ஒருவர், பெரியப்பாவின் ஆள் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து. முதலில் அவர்கள் ஒரே கல்லில் இருக்கமாட்டார்கள். பிறகு ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு இருந்து தாயம் விளையாடினதை நானே கண்டேன்.

தும்புக்கூட்டில் இருந்தவை மேலேறத் தொடங்கிய அன்றைக்கு எல்லாரையும் வரச்சொன்னோம். நிலாவெளியிலிருந்து வலைக்காரர், கிண்ணியாவிலிருந்து நானாவின் சொந்தக்காரர், பள்ளிவாசல் பெரியவர், எங்கள் சுவாமியார், டொக்யாட் பழைய ஆட்கள். அவ்வளவு பேருக்கும் முன்னால் நான் ஒரு பழைய பள்ளிக்கூட ரீச்சர், சேலையைச் செருகிக்கொண்டு, இரண்டு பெரிய வெள்ளைத் தாச்சியில் கடல் தண்ணீர் வைத்து, ஒன்றில் தும்புக்கூட்டு இறால், மற்றதில் பிரம்புக்கூட்டு இறால். என் கையில் எழுத்து மை, பிள்ளைகள் எழுதுகிற நீல மை. ஆனால் அதை நான் விடவில்லை, அவர்களே விட்டுப் பார்த்தால்தான் நம்புவார்கள். துளி விடுகிற கண்ணாடிக் குழாயைப் பெரியப்பாவிடமும் நானாவிடமும் கொடுத்தேன். ஆளுக்கொரு தாச்சி. இறாலின் கால்கள் உடம்போடு சேருகிற இடத்தில் மெல்லமாக ஒரு துளி விடுங்கோ என்றேன்.

நானா தன் தாச்சியில் விட்டார், அது பிரம்புக்கூட்டு இறால். மை ஒரு கணம் அங்கே நின்றது. பிறகு யாரோ உறிஞ்சினதுபோல உள்ளே மறைந்தது. எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, இறாலின் முகத்தின் இரண்டு பக்கத்தாலும், கப்பல் புகைக்கூண்டில் வருவதுபோல, நீலம் பீய்ச்சியடித்து வெளியே வந்தது. கூட்டத்தில் ஒரு ஓசை எழும்பியது. பெரியப்பா தன் தாச்சியில் விட்டார். மை விழுந்த இடத்திலேயே நின்றது. காலுக்குக் கீழே முகில்போல மிதந்தது. இறால் உயிரோடுதான் இருந்தது, காலை அசைத்தது. ஆனால் மை உள்ளே போகவில்லை. பெரியப்பா இன்னொரு துளி விட்டார். அதுவும் அப்படியே. அவர் குழாயை வைத்துவிட்டு, அந்த இறாலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நுணுக்குக்காட்டியை வெளிச்சத்தில் வைத்து ஒவ்வொருவராகப் பார்க்கச் செய்தேன். நல்ல தூவி, கட்டிபட்ட தூவி, பாயிலிருந்து பிடுங்கின தும்பு. சுவாமியாரும் பெரியவரும் ஒருவருக்கொருவர் இடம் விட்டு, நீங்க முதல், நீங்க முதல் என்று நின்றார்கள். நானா கடைசியாகப் பார்த்தார். நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகக் கேட்டார்.

"அப்ப ஒருத்தரும் ஒண்டும் போடல்ல, ரீச்சர்?"

"ஒருத்தரும் போடேல்ல நானா. நீங்களும் இவரும் அளவுக்கு மிஞ்சிக் கவனமாப் பாத்ததுதான் வந்த வினை."

முதலில் சிரித்தது பள்ளிவாசல் பெரியவர். பிறகு எல்லாரும். அந்தச் சிரிப்பு அடங்க முதல் பெரியப்பா சால்வையைக் கரையில் எறிந்துவிட்டுப் பட்டிக்குள் இறங்கிவிட்டார். ஒரு பாயின் முனையைப் பிடித்துக்கொண்டு, "ஹனீபா, மற்றப் பக்கத்தைப் பிடியும்" என்று கூப்பிட்டார். நானா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். அவ்வளவு நாளும் முகம் பார்க்காத இரண்டு பேரும் அந்தப் பாயை இழுத்துக் கிழித்த கிழிப்பில் குடாவெல்லாம் மண்ணிறமானது. வலைக்காரரும் கிண்ணியா ஆட்களும் பின்னால் இறங்கினார்கள். பொழுதுபடுவதற்குள் பட்டியில் ஒரு நார் மிச்சமில்லை.

தும்புக்கூட்டில் நோய்ப்பட்டவற்றை நான் சாகவிடவில்லை. ஓடுகிற தண்ணீரில் தனிக் கூட்டில் விட்டேன். சில தேறின. அதிலொன்று தேறினது மட்டுமில்லை, ஒருநாள் விடியப் பார்த்தால் தன் பழைய ஓட்டை முழுசாகக் கழற்றி வைத்துவிட்டுப் பக்கத்தில் மெத்தென்று நின்றது. அந்த வெறும் ஓட்டை மேசைக்குக் கொண்டுவந்தேன். இறால் ஓடு கழற்றும்போது கண்ணை மூடியிருக்கிற தோலிலிருந்து கடைசித் தூவிவரை கழற்றும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் கண்டேன். கட்டிபட்ட அந்த விளிம்பும் அழுக்கும் சடையும் எல்லாம் அந்த ஓட்டிலேயே இருந்தன. புதிய தூவிகள், உள்பக்கமாகப் புரட்டிய சட்டைக்கைபோலப் பழைய தோலுக்கடியில் மடிந்திருந்து, அந்த நேரம் வெளியே வந்திருக்கின்றன. அந்த இறாலுக்கு மை விட்டுப் பார்த்தேன். நீலம் தாச்சியின் மறுகரைவரை பாய்ந்தது. நான் தனியாக நின்று கை தட்டினேன், மகனே. பக்கத்து வீட்டு அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து என்ன என்று கேட்டா. இறால் மூச்சு விடுகுது என்றேன்.

நீ படித்த படிப்பும், நாங்கள் இருக்கிற வீடும், நானாவின் பிள்ளைகள் கிண்ணியாவில் வைத்திருக்கிற கடையும் அந்தக் குடாவிலிருந்து வந்தவை. மடத்துப் பள்ளிக்கூடத்தில் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். இறால் வாயின் தூவிகளைச் சுவரளவுக்குப் பெருப்பித்துப் படமாகக் கீறித் தொங்கவிட்டேன். படிக்க வந்த ஒவ்வொரு பெண்பிள்ளையையும் நுணுக்குக்காட்டியில் பார்க்க வைத்தேன். அவர்களில் எத்தனையோ பேர் இன்றைக்குத் தாதிமார், ரீச்சர்மார், ஒருத்தி டொக்டர். தெருவில் கண்டால் றால் ரீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடிவருவார்கள். அந்தப் பெயரை வேறெந்தப் பட்டத்துக்கும் நான் மாற்றமாட்டேன்.

இனி உன் கேள்வி. ஒரு பெண் கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருப்பதால் குடும்பத்துக்கு என்ன பிரயோசனம் என்றாய். சில வேளை ஒன்றுமிருக்காது, அவளுடைய சந்தோசம் மட்டும் இருக்கும், அதுவே போதும். ஆனால் எல்லாரும் ஆளை ஆள் பார்த்துப் பயந்துகொண்டிருக்கிற ஒருநாளில், நடந்தது என்ன என்று குனிந்து பார்க்கிற ஒருத்தி வீட்டில் இருந்தால், அந்த வீடு மட்டுமில்லை, ஊரே தப்பும். அன்றைக்கு அப்பா தன் அண்ணனுக்கு முன்னால் அந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் குசினிக்குள்தான் நின்றிருப்பேன். நிர்மலா வேலையை விடவேண்டுமா என்பதை அவள்தான் முடிவெடுக்க வேண்டும், நீயல்ல, நானுமல்ல. அவள் போகிறேன் என்றால் அனுப்பிவை. வீட்டில் வெளிச்சம் விழுகிற நல்ல இடத்தை அவளுக்கு விடு. பின்னேரம் வந்து, இன்றைக்கு என்ன கண்டீர் என்று கேள். கேட்டுவிட்டு, அவள் சொல்வதை இருந்து கேள். எங்கள் சீவியத்தில் இதைவிடப் பெரிய இரகசியம் ஒன்றுமில்லை.

ஒன்றை எழுதாமல் முடிக்க மனமில்லை. பாய் கிழித்த பிறகு முதன்முதலாகக் கொழும்புக்குச் சரக்கு அனுப்பின நாள். பின்னேர ரயில். நானும் உன்னைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அப்பாவும் நானாவும் ஈரச் சாக்குகளைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பெரியப்பா ஒரு சாக்கை மட்டும் வண்டியில் வைக்கவிடாமல் தன் தலையில் சுமந்து வந்தார். தண்ணீர் முகத்தால் வழிந்து வேட்டியெல்லாம் நனைந்திருந்தது. ரயிலின் சாமான் பெட்டிக்காரர் ஒருவர், நடுவழியில் நாறுகிற சாமானோ என்று முகத்தைச் சுளித்தார். பெரியப்பா சாக்கை இறக்கி வைத்து, ஈரக் கையால் அதை மெல்ல ஒரு தட்டுத் தட்டினார். உள்ளேயிருந்து 'கிறீச்' என்று ஒரு சத்தம். சிங்கி இறால் மீசையின் அடியை உரசி எழுப்புகிற சத்தம், உயிருள்ளது மட்டும் போடுகிற சத்தம். அதைக் கேட்டு அடுத்த சாக்கில் ஒன்று, பிறகு அதற்கடுத்ததில், பிறகு எல்லாச் சாக்கும் சேர்ந்து, துருப்பிடித்த நூறு கதவை ஒன்றாகத் திறந்ததுபோல மேடை முழுக்க அதிர்ந்தது. ரயிலுக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. பெரியப்பா நெஞ்சை நிமிர்த்தி, அந்த மனிசனுக்கும் மேடைக்கும் ரயிலுக்கும் சேர்த்துச் சொன்னார்:

"கேக்குதோ? எங்கட வீட்டுப் பெண் மூச்சுக் குடுத்த றால்."

கலியாணத்துக்கு இரண்டு பேரும் வருகிறோம். நிர்மலாவுக்கு என் முத்தம்.

உன் அம்மா